மாத்தாள்

எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி என்றைக்கும் சரியான நேரத்துக்கு அடித்ததில்லை. ஆயாம்மாவுக்குப் பசித்தால் ஊருக்கே பசித்ததாகக் கணக்கு. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை நங்கு நங்கென்று அடித்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடி நிழலுக்குப் போய்விடுவார். தலைமையாசிரியை அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பார், வெளியே வந்து ஆயாம்மாவைப் பார்ப்பார், "இன்னும் நேரம் இருக்கே" என்பார். "உங்க கடியாரத்துக்குச் சாவி குடுக்கணும் டீச்சரம்மா. என் வயித்துக்கு யாரும் சாவி குடுக்க வேணாம்" என்று பதில் வரும். அதற்குள் பிள்ளைகளில் பாதிப்பேர் டப்பாவைத் திறந்திருப்பார்கள். பிறகு யார் என்ன செய்ய முடியும்?

எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும் எனக்கு அந்தப் பள்ளியில்தான் போயின. போடியை ஒட்டி, மேற்கே மலையைப் பார்த்து நின்ற பெண்கள் பள்ளி. சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு வகுப்பறைக்குள் மிதந்து வரும். நான் கரும்பலகையில் வட்டம் வரைந்துகொண்டிருப்பேன், பிள்ளைகள் பஞ்சை ஊதி விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஆனி முடிவில் குரங்கணிப் பக்கமிருந்து சாரல் இறங்கும். மேற்குச் சன்னலோரப் பிள்ளைகள் நனைந்த நோட்டை மடியில் வைத்துக் காயவைப்பார்கள். ஆடி பிறந்துவிட்டால் ஊர் முழுக்க ஏலக்காய் வாசம்தான். அந்த வாசத்தை இன்றைக்கும் பாயசத்தில் முகர்ந்தால் எனக்குப் பாயசம் ஞாபகம் வராது, பத்தாம் வகுப்பு ஆ பிரிவுதான் ஞாபகம் வரும்.

நான் கணக்கு டீச்சர். எங்கள் வகையறாவில் பி.எஸ்ஸி., பி.எட். படித்த முதல் பெண். படித்ததற்கே பேச்சு, வேலைக்குப் போனதற்குப் பெரும்பேச்சு. வாழ்க்கைப்பட்டது தோட்டந்துரவோடு வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீடு. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் கைக்குழந்தையைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு அத்தை ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "உள்ளூர்னா போயிட்டு வா. வெளியூருக்கு மாத்துனாகன்னா அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துரு. பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஊரு ஊரா அலையிற சோலி நம்ம வீட்டுக்கு ஆகாது" என்று. என் கணவர் எப்போதும் அம்மா பக்கமும் இருப்பார், என் பக்கமும் இருப்பார். அதாவது, தேவைப்படும் நேரத்தில் தோட்டத்தில் இருப்பார்.

ஆக, பள்ளியில் என் இடம் போனால் என் வேலையே போச்சு. அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். பயத்துக்குக் காரணமும் இருந்தது. அரசாங்கக் கணக்குப்படி இத்தனை பிள்ளைக்கு இத்தனை வாத்தியார். ஒரு வகுப்பில் தலை குறைந்தால் அ, ஆ என்று இருக்கும் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஒன்றாக்கினால் ஒரு வாத்தியார் மிச்சம். மிச்சமானவரை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். கடைசியாக வந்தவள் நான்.

இத்தனைக்கும் பள்ளியில் ஆள் என்றைக்குமே பற்றாக்குறைதான். தையல் டீச்சர்தான் புவியியல் எடுத்தார். ஆப்பிரிக்காவின் ஆறுகளை அவர் சொல்லிக்கொடுக்கும்போதுகூடக் கையில் ஊசி இருக்கும். ஆய்வகச் சாவி டிரில் டீச்சர் இடுப்பில். எழுத்தர் பாதி நாள் மதுரை ஆபீசில். இரவுக் காவலாளி ஒருவர் இருப்பதாகக் கேள்வி. நான் பகலில் வேலை பார்த்ததால் அவரைப் பார்த்ததில்லை. இத்தனை பேருக்கும் நடுவில் ஆயா ஒரே ஒருவர்.

ஆயாம்மாவுக்கு விதித்த வேலை கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, மணி அடிப்பது. மூன்றையும் அவர் அரைகுறையாகத்தான் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். மூலையில் குப்பை கிடக்கும். பானையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் இருக்காது. எங்கள் டீயில் முதல் வாய் அவர் வாயாகத்தான் இருக்கும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம். ஆனால் பள்ளியில் ஒரு பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் அன்றைக்கு ஆயாம்மாதான் எல்லாம். வகுப்புக்குள் தலையை நீட்டி, "டீச்சர், அந்தப் பிள்ளைய வெளிய விடுங்க" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மூஞ்சியப் பாத்தா தெரியாதாக்கும்" என்பார். தன் முந்தானையால் பிள்ளையை மூடி, கடைத்தெருவில் போகாமல் வாய்க்கால் கரை வழியாகக் கூட்டிக்கொண்டு போய் அம்மாக்காரியிடம் ஒப்படைப்பார்.

அதோடு விடமாட்டார். "சடங்கு செய்யிங்க, சீர் வாங்குங்க, எல்லாம் பண்ணுங்க. முடிஞ்ச மறுவாரம் நான் வருவேன். பிள்ளை பையோட நிக்கணும்" என்று சொல்லிவிட்டு வருவார். சொன்னபடி போவார். பிள்ளையை அனுப்ப வீட்டில் இழுத்தடித்தால், வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போடத் தொடங்கிவிடுவார். சண்டை போடமாட்டார், அறிவுரை சொல்லமாட்டார். மென்று மென்று வாசலுக்கு வலப்பக்கம் ஒரு துப்பல், இடப்பக்கம் ஒரு துப்பல். சாணம் தெளித்துக் கோலம் போட்ட வாசல். எந்த வீட்டுக்காரிதான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? "கூட்டிட்டுப் போய்த் தொலை, ஆத்தா" என்று பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். இப்படித் திரும்பி வந்த பிள்ளைகள்தான் எங்கள் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பாதிக்கு மேல்.

இனி ஆடி மாதத்து விஷயம். மலையில் ஏலம் முதல் பறிப்புக்கு வரும்போது, கீழே பள்ளிகளில் தலை எண்ண அதிகாரி வருவார். யார் இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்தார்களோ தெரியாது, அவர் நிச்சயம் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. ஆடியில் அம்மாக்காரிகள் மலையேறி எஸ்டேட்டில் தங்கிப் பறிப்பார்கள். கூடவே பெரிய பிள்ளைகளையும் கூட்டிப் போவார்கள். பழைய அதிகாரிக்கு இது தெரியும். "எல்லாருக்கும் காய்ச்சலாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டு, இருக்கிறதாகவே எழுதிக்கொண்டு போவார். அந்த வருஷம் அவர் ஓய்வு பெற்றுப் புது ஆள் வந்தார். நேரில் நிற்கும் தலையைத்தான் எண்ணுவார், காப்பிகூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார் என்று அவருக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது.

தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். மலைக்குப் போயிருந்த பிள்ளைகள் எல்லாரும் பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. என் பிரிவு. அவர்கள் இல்லாமல் அதிகாரி எண்ணினால் பிரிவு நிற்காது. வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆயாம்மா, "இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? மலைக்குப் போய் இழுத்துட்டு வந்துருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லோடு ஜீப்பில் ஏறினோம். தலைமையாசிரியை முன்சீட்டில், நானும் ஆயாம்மாவும் பின்னால் அரிசி மூட்டைமேல். மலைப்பாதையில் மெட்டு ஏற ஏற ஊர் சின்னதாகி மேகத்துக்குள் போய்விட்டது. காது அடைத்தது. ஆயாம்மாவுக்கு வளைவுக்கு வளைவு வாந்தி. நடுவில் நிமிர்ந்து, "ஒங்களுக்காகத்தான் டீச்சர்" என்பார், மறுபடி குனிந்துகொள்வார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஏலக்காட்டை நான் அதுவரை தூரத்தில் இருந்துதான் பார்த்திருந்தேன். ஆளுயரத்துக்கு இலை நிற்கும், காயோ தூரில் மண்ணோடு மண்ணாகச் சரம்விட்டுக் கிடக்கும். நிமிர்ந்து பறிக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, செடிக்குச் செடி குந்தி நகர்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து நின்றாள். வகுப்பிலேயே உயரமான பெண், கணக்கில் கெட்டி. "வணக்கம் டீச்சர்" என்று வகுப்பில் சொல்கிற மாதிரியே இழுத்துச் சொன்னாள். காட்டுக்குள் அங்கங்கே குனிந்திருந்தவர்களும் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்றார்கள். காய்ப்பாலில் கைகள் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தன. அந்தக் காட்சியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வேலை வாங்குகிற கங்காணி மலையாளம் கலந்து பேசுகிற மனிதர். கெட்டவர் இல்லை, ஆனால் மசியவும் இல்லை. "டீச்சரே, எனக்கும் பிள்ளைங்க உண்டு. படிக்கட்டும், வேண்டாம்னு சொல்லலே. ஆனா பறிப்பு நடக்கிறப்ப ஆளு எறங்குனா ஆளு ஏறணும். அதாணு இங்க சட்டம்" என்றார். அங்கே அது வழக்கம். பறிப்புக்குப் பேசி ஏறிய குடும்பத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை, ஊரில் சாவு என்றால், அவர் இறங்கும் ஜீப்பு திரும்பி ஏறும்போது அதில் மாத்தாள் ஒருவர் வர வேண்டும். மாத்தாள் வராவிட்டால் அடுத்த பறிப்புக்கு அந்தக் குடும்பத்துக்கு இடம் கிடையாது. உயரமான பெண்ணின் அம்மா என்னிடம் கெஞ்சுகிற குரலில், "எனக்கும் மகளை அனுப்ப ஆசைதான் டீச்சர். ஒரு நாளுக்கு ஒரு மாத்தாளு கொண்டாங்க, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், நான் காலில் ஏறிய அட்டையைப் பார்த்தேன். ஆயாம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கங்காணியிடம் கேட்டார்: "மாத்தாளுன்னா இன்னார்தான்னு இருக்கா? கை காலு இருந்தாப் போதும்ல?"

"மதி, அது போதும்" என்றார் கங்காணி.

"அப்ப நான் ஒண்ணு. மிச்சத்துக்கு ஆளு பிடிக்கிறேன்."

தலைமையாசிரியை பதறினார். "அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஆயா வேணாமா?"

"அந்த ஆபீசரு பிள்ளைகளை எண்ணுவாரு, டீச்சருங்களை எண்ணுவாரு. ஆயாவை எவன் எண்ணப் போறான்?" என்றார் ஆயாம்மா. எங்கள் எல்லாருக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் ஆயாவைத் தேடியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது சேலை ஓரமெல்லாம் அட்டை கடித்த ரத்தம். அத்தை சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்ன ஏது என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். நான் வீட்டோடு இருக்க வேண்டும் என்றுதானே அவருக்கு ஆசை, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நாங்களா நிறுத்துனா அது வேற. எவனோ மதுரையிலயிருந்து வந்து நம்ம வீட்டுப் பிள்ளைய மிச்சம்னு சொல்லிட்டுப் போவானோ? மிச்சம்ங்கிறதுக்கு நீ என்ன பழைய சோறா?" என்றார். பிறகு எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு சாக்கை எடுத்து உதறினார். அதிகாரி வந்த அந்த ஒரு நாள் குழந்தையை என் கணவர் வைத்துக்கொண்டார். அதை அவர் பல வருஷம் சொல்லிக்காட்டினார்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் ஜீப்பு வந்து நின்றது. பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் மாத்தாட்கள் ஏறினார்கள். ஆயாம்மா, ஆயாம்மா பிடித்து வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், தையல் டீச்சரின் நாத்தனார், கடைசியாக என் அத்தை. சம்சாரி வீட்டுப் பெரிய மனுஷி கூலிக்குப் பறிக்கப் போகிறார் என்று தெருவே பார்த்தது. அத்தை யாரையும் பார்க்கவில்லை. உயரமான பெண்ணைக் கூப்பிட்டு, "உன் எடத்துக்குத்தான் போறேன். எந்தக் காட்டுல விட்டுட்டு வந்த?" என்று கேட்டுக்கொண்டார். ஜீப்பு கிளம்பும்போது ஆயாம்மா எங்களைப் பார்த்துக் கத்தினார்: "வெரசாப் போய்ப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குங்க! மானத்தை வாங்கிறாதீக!"

கூட்டினோம். ஐயோ, எப்படிக் கூட்டினோம்! மலையிலிருந்து வந்த பிள்ளைகள் உட்பட எல்லாரும் விடிவதற்குள் வந்து, ஆயாம்மா வருஷக்கணக்காக வளர்த்து வைத்திருந்த மூலைக் குப்பையையெல்லாம் வாரி எடுத்தார்கள். பானைகளைத் தேய்த்துக் கழுவி வாய்வரை தண்ணீர் நிரப்பினார்கள். டிரில் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி பிசகாமல் மணி அடித்தார். அதிகாரி ரயிலிலிருந்து இறங்கி வந்தார், வகுப்பு வகுப்பாக நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். என் வகுப்பில் ஒரு பெஞ்சுகூடக் காலி இல்லை. கறுத்த கைகளைப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

போகும்போது அவர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிளாஸ்க் மனிதர் எங்கள் தண்ணீரைக் குடித்ததே எங்களுக்குப் பெருமையாக இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆயா எங்கே?" என்றார். காய்ச்சல், விடுப்பு என்று சொன்னார் தலைமையாசிரியை. "ஆயா இல்லாமலே இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களே! ரொம்ப நல்ல காரியம்" என்று மனதாரப் பாராட்டினார். நாங்களும் மனதாரச் சிரித்தோம்.

மறுநாள் பிள்ளைகள் திரும்பி மலையேற, மாத்தாட்கள் இறங்கி வந்தார்கள். அத்தையால் ஜீப்பிலிருந்து நிமிர்ந்து இறங்க முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே வீட்டுக்கு நடந்து, குனிந்த வாக்கிலேயே பேரப்பிள்ளையைக் கொஞ்சினார். "அந்த நெட்டச்சி தெனமும் இதைப் பறிச்சுட்டு எப்படித்தான் உன் கணக்கையும் போடுறாளோ" என்றதோடு சரி. ஆயாம்மா நேரே பள்ளிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையும் கறுத்துப் பிசுபிசுத்தது. "எண்ணியாச்சா டீச்சர்? நிக்கிதா?" என்று கேட்டார். "நிக்கிது" என்றேன். "அப்ப ஒரு டீ சொல்லுங்க" என்றார்.

ஆவணி கழிந்து உத்தரவு வந்தது. ஆசிரியர் பணியிடங்களில் மாற்றம் இல்லை. ஆயா இன்றியே பள்ளி செம்மையாக நடைபெறுவதாலும், தேவாரம் பக்கம் புதிதாகத் தரம் உயர்ந்த ஒரு பள்ளியில் ஆயாவே இல்லாததாலும், இங்குள்ள ஆயா பணியிடம் அங்கே மாற்றப்படுகிறது. தலைமையாசிரியை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஆயாம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது முதலில் அந்த அதிகாரியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். இங்கே எழுத முடியாத திட்டு. பிறகு வகுப்பறை மூலையைப் பார்த்துச் சொன்னார்: "உங்களை யாரு டீச்சர் அவ்வளவு சுத்தமாக் கூட்டச் சொன்னது? ஒரு மூலையிலயாச்சும் கொஞ்சம் குப்பையை விட்டு வைக்கக் கூடாதா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதேன். எனக்கு வைத்த கத்தியை அவர் வாங்கிக்கொண்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தலைமையாசிரியை இரண்டு முறை மதுரைக்கு நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆயாம்மாவுக்குத் தங்கை வீடு அந்தப் பக்கம்தான். தூக்குவாளியும் வெற்றிலைப் பையுமாகப் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் மதிய மணி சரியான நேரத்துக்கு அடித்தது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. கூட்டுவதற்கும் தண்ணீருக்கும் பிள்ளைகளே முறை வைத்துக்கொண்டார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. பானை எப்போதும் நிறைந்திருந்தது. ஆனால் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின. வயசுக்கு வந்த பிள்ளை சடங்கு முடிந்து வரவில்லை. சரி, நாமே போவோம் என்று நானும் தையல் டீச்சரும் வீடு வீடாகப் போனோம். டீச்சர் வந்திருக்கிறார் என்று பாய் விரித்தார்கள், காப்பி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். "அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்புறோம் டீச்சர்" என்று கைகூப்பி அனுப்பிவைத்தார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. முறுக்கைத் தின்றுவிட்டு வாசலில் எப்படித் துப்புவது? எங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் விடாமல் பிடித்துப் பரீட்சை எழுத வைத்தேன். கணக்கில் ஒருத்திகூடத் தோற்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று அந்த உயரமான பெண் மிட்டாய்ப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கையை நீட்டினேன். "ஒங்களுக்கு அப்பறம் டீச்சர், என் மாத்தாளு எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், முதல் மிட்டாயை அத்தை வாயில் ஊட்டினாள். அத்தை மென்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார், பார்த்துக்கொள் என்கிற மாதிரி. அந்த ஒரு வருஷப் பாட்டுக்கு எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

அடுத்த ஆடி வந்தது, அதே பிளாஸ்க் அதிகாரி வந்தார். மலையேறிய பிள்ளைகளுக்கு நாங்கள் முன்கூட்டியே மாத்தாள் அனுப்பி எல்லாரையும் இறக்கியிருந்தோம். அது இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனாலும் தலை குறைந்தது. மலையேறிய பிள்ளைக்கு மாத்தாள் உண்டு. வீட்டுக்குள் போன பிள்ளைக்கு எங்கே போய் மாத்தாள் பிடிப்பது? அதிகாரி பெஞ்சுகளைப் பார்த்தார், சுத்தமான தரையைப் பார்த்தார். "இவ்வளவு நல்லா நடத்துறீங்க, ஏன் பிள்ளைங்க வரலே?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பதில் தேவாரம் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவரிடம் எப்படிச் சொல்வது?

என்னை மாற்றிய உத்தரவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எந்த ஊர் என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை. வெளியூர், அவ்வளவுதான். ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். அத்தையிடம் சொன்னேன். "எந்த ஊரு?" என்றார். எடுத்துப் பார்த்து, தேவாரம் பக்கம் என்றேன்.

"பஸ்சு போகுதுல்ல?"

"போகுது அத்தை. ஆனா நீங்கதான் வெளியூர்னா…"

"ஒரு நாளு முழுக்கக் குந்திக் குந்திப் பறிச்சேனே, எதுக்கு? இன்னும் மழை பேஞ்சா இந்த முட்டி வலிக்குது. அம்புட்டையும் வீணாக்கிட்டு அடுப்படியில வந்து உக்காரலாம்னு பாக்குறியா? காலையில கெளம்பி வெரசாப் போ ஆத்தா. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்றைக்கு அத்தையின் காலைப் பிடித்து முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

புதுப் பள்ளிக்கு நான் போன அன்று பஸ்சு வழியில் நின்றுவிட்டது. யானை சோளக்காட்டுக்குள் இறங்கியதை வேடிக்கை பார்க்க டிரைவரும் கண்டக்டரும் போய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததில் மிகவும் மகிழ்ந்துபோனார். "வாங்கம்மா. ஒரு வருஷத்துல பெண் பிள்ளைங்க மளமளன்னு சேந்துட்டாங்க. பிரிவைப் பிரிக்க வேண்டியதாப் போச்சு, கணக்குக்கு ஆள் கேட்டோம். உடனே உங்களை அனுப்பிட்டாங்க. எல்லாம் நம்ம நிர்வாகம்தான்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அந்த வகுப்புகளை எண்ணி அந்த இடத்தைக் கொடுத்ததும் அதே பிளாஸ்க் அதிகாரிதானாம். நான் வராந்தாவுக்கு வந்தேன். தரை அங்கங்கே கூட்டாமல் கிடந்தது. மூலையில் குப்பை. பானையில் எட்டிப் பார்த்தேன், பாதிகூட இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, சின்னப் பெண்ணொருத்திக்குச் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார் ஆயாம்மா. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சடையை முடிந்து ரிப்பனைக் கட்டிவிட்டு, பிள்ளையை முதுகில் தட்டி வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தார். "என்ன டீச்சர், மாத்தாளா வந்தீகளா?"

தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காலையில ஒண்ணும் சாப்பிடாம பஸ்சு ஏறிட்டீகளாக்கும்" என்று முழங்காலைப் பிடித்து எழுந்து, மரத்தில் தொங்கிய இரும்பைத் தட்டி மதிய மணியை அடித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நிறைய நேரம் இருந்தது.